பானைக்குச் சுடுதண்ணீர்

மார்ச் 3, 2016, வியாழன்

குடித்தது: நான்கு.

முதல் வரியில் எண்ணிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார் நர்ஸ் அச்சோம். எழுதியாயிற்று. நோட்டும் அவர் நேற்று கொடுத்ததுதான். பள்ளிப் பிள்ளைகள் நோட்டு, பின் அட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு. எத்தனை பாக்கெட் சாராயம் என்பதை எழுது, பிறகு மனதில் என்ன வருகிறதோ அதை எழுது, யாரும் படிக்க மாட்டார்கள் என்றார்.

நானாக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போன வாரம் நான் வேலை செய்யும் சடை பின்னும் கடையில் ஒரு டீச்சரம்மாவுக்குப் பின்னிக்கொண்டிருக்கும்போதே அவள் தலைமேல் சாய்ந்து தூங்கிவிட்டேன். கடைக்காரி இமாகுலேட் மாடம் என் பையைத் தூக்கி வாசலில் வைத்தாள். "ஆஸ்பத்திரி சீட்டோட வந்தா உள்ள வா. இல்லன்னா சொரோட்டி டவுன்ல வேற கடை பாரு." பெயர்தான் இமாகுலேட், மாசில்லாதவள்; வாயைத் திறந்தால் சந்தைக் கடை.

ஆஸ்பத்திரியில் குடியை விட வந்தவர்கள் வரிசையில் எல்லாரும் ஆம்பளைகள். புருஷனுக்கு மாத்திரை வாங்க வந்தியா என்று ஒருத்தன் கேட்டான். ஆமாம் என்றேன்.

மார்ச் 4

குடித்தது: இல்லை.

மார்ச் 5

நேற்று எழுதியது பொய். ஐந்து. யாரும் படிக்காத நோட்டில் யாரிடம் பொய் சொல்கிறேன்?

மார்ச் 8, செவ்வாய்

குடித்தது: ஆறு.

பெண்கள் தினம், விடுமுறை. காலையிலேயே ஒலிபெருக்கி. மைதானத்தில் மஞ்சள் உடுப்பு போட்ட பெண்கள் வரிசையாக நடந்து போனதை ஜன்னலில் இருந்து பார்த்தேன். என் அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு கதவு, ஒரு பாய், ஒரு அடுப்பு. எல்லாமே ஒன்று ஒன்றுதான், என்னைப் போல.

பக்கத்து முற்றத்தில் அஜோன் பானை வைத்திருந்தார்கள். சுற்றி எட்டுப் பேர், உறிஞ்சிக் குடிக்க எட்டு நீளக் குழாய்கள். அங்கிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். "ஏ அமோங்கின், தனியா உக்காந்து என்ன பண்ற, உன் குழாயை எடுத்துட்டு வா." எனக்குக் குழாயே கிடையாது. எங்கள் ஜனத்தில் இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்குச் சொந்தக் குழாய் இல்லை என்றால் அவளைச் சர்ச்சுக்காரி என்று நினைப்பார்கள். நான் அதுவும் இல்லை. பாக்கெட் சாராயத்தின் மூலையைப் பல்லால் கடித்து, கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறவள்.

கேழ்வரகைப் புளிக்க வைத்து, பானையில் போட்டு, சுடுதண்ணீர் ஊற்ற ஊற்ற மத்தியானம் முழுக்கக் குடிப்பது அஜோன். கூடிக் குடிப்பது. அதற்கு எத்தனை சட்டம்! வலது கையால்தான் குழாயைப் பிடிக்க வேண்டும். பானைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. உள்ளே ஊதக் கூடாது. அடுத்தவர் குழாயைத் தொடவே கூடாது, தொட்டால் சண்டை. தனியாகக் குடிக்கிறவளுக்கு ஒரு சட்டமும் இல்லை.

அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. பானை அடியில் தண்ணீர் குறையும்போது குழாய்கள் கரகரவென்று உறிஞ்சுமே, அந்தச் சத்தம். அது கேட்டதும் யாராவது, "சுடுதண்ணி கொண்டா" என்பார்கள். இன்றைக்கும் ஒருத்தன் சொன்னான். அப்போதுதான் ஆறாவது பாக்கெட்.

மார்ச் 16, புதன்

குடித்தது: மூன்று.

ஆஸ்பத்திரி. எப்போது ஆரம்பித்தாய் என்று நர்ஸ் கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்றேன். ஏன்? சிநேகிதிகள் என்றேன். எழுதிக்கொண்டார். எனக்குச் சிநேகிதிகளே இருந்ததில்லை.

பேனாவை மூடிவிட்டு இன்னொன்று கேட்டார். "சரி, ஏன் குடிக்கிறேங்கிறதை விடு. குடிச்சதும் உனக்கு என்ன நிக்குது?"

யாரும் இப்படிக் கேட்டதில்லை. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "நாத்தம் நிக்குது சிஸ்டர்." என்ன நாற்றம் என்று அவர் கேட்கவில்லை. வெளியே வரிசையில் சத்தம். ஒரேயடியாக நிறுத்தாதே, உடம்பு தூக்கிப் போடும், மாத்திரையோடு குறை என்று சொல்லி அனுப்பினார்.

மார்ச் 19

இரண்டு. கை நடுங்குகிறது. மெல்லிய சடை பின்ன என்னை விடவில்லை. நாள் முழுக்க மற்றவர்கள் பின்னியதை அவிழ்த்தேன். அவிழ்ப்பதற்கு நடுங்கும் கை போதும்.

மார்ச் 27, ஈஸ்டர் ஞாயிறு

குடித்தது: எண்ணவில்லை.

தங்கை அபோலோட் போன் செய்தாள். நேற்று விடிகாலையில் பெண் குழந்தை. தலை நிறைய முடியாம். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. குழந்தையின் தகப்பன் இன்னும் மாடு கொடுத்துப் பெண் கேட்கவில்லை என்பதால் குழந்தை எங்கள் குலத்துக்குத்தான். பெயர் வைப்பதும் எங்கள் வீட்டில்தான், ஜூன் பதினொன்றாம் தேதி.

பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "அப்பா இல்லாததால பெரியப்பாதான் விரல் வைக்கணும்னு சொல்லிட்டாங்க அக்கா. நீ கண்டிப்பா வரணும். ஆனா... வாய் நாறாம வா. எல்லாரும் இருப்பாங்க."

அபோலோட் சொன்னதில் தப்பில்லை. அப்பாவைப் புதைத்த அன்று நான் எப்படி வந்து நின்றேன் என்று ஊரே பார்த்தது.

பெயர் வைக்கும்போது பெரியவர் விரலை அஜோனில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்துப் பெயர்களைச் சொல்வார். எந்தப் பெயருக்குக் குழந்தை சப்புகிறதோ அதுதான் பெயர்.

அந்த விரல்.

மார்ச் 28

இன்னும் கிறுகிறுப்பு. அந்த விரல் அந்தப் பிள்ளை வாயில படக் கூடாது. படக் கூடாது. யார்கிட்ட சொல்ல?

ஏப்ரல் 2, சனி

குடித்தது: இரண்டு. எழுத வேண்டும் என்பதற்காக இரண்டோடு நிறுத்தினேன்.

எனக்குப் பதினாலு வயது. வீட்டில் அஜோன் போட்டு விற்கும் அம்மா கேழ்வரகு அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். அப்பா ஒரு சாவு வீட்டில். அப்பாவின் அண்ணன், எகுவாரு பெரியப்பா, எங்கள் குடிசையில் பானை முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். குடிக்க வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். குழாய் கரகரவென்று சத்தம் போட்டது. சுடுதண்ணி கொண்டா என்றார். கொண்டு போனேன். அதுதான் என் வேலை. பானைக்குச் சுடுதண்ணீர் ஊற்றுவது வீட்டில் மூத்த பெண் வேலை.

என் வாயைப் பொத்திய கை அஜோனில் நனைந்து புளித்த நாற்றம் அடித்தது. ஒரு விரல் பல்லுக்கு நடுவே. கடிக்கத் தோன்றவில்லை. ஏன் கடிக்கல? இத்தனை வருஷம் இதையே கேட்டுட்டு இருக்கேன். ஏன் கடிக்கல நான்?

மற்றதை எழுத மாட்டேன்.

அம்மா வந்ததும் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். தண்ணீர் கொட்டிக் கிடந்த தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதைத் துடை" என்றாள். பிறகு நீல விளிம்பு போட்ட தகரக் கோப்பையில், பானையில் மிச்சம் இருந்ததை ஊற்றி என் கையில் கொடுத்தாள். "இதைக் குடி. தூக்கம் வரும்."

தூக்கம் வந்தது. அம்மா பொய் சொல்லவில்லை.

நர்ஸ் சிஸ்டர், எப்போது ஆரம்பித்தாய் என்று கேட்டீர்களே. அன்றைக்கு, அம்மா கையால்.

ஏப்ரல் 10, ஞாயிறு

ஒன்று. காய்ச்சல் மாதிரி வேர்த்துக்கொண்டே இருக்கிறது. பாய் நனைந்துவிட்டது. இமாகுலேட் மாடம் வாசலில் நின்று, செத்தியா இருக்கியா என்று கேட்டுவிட்டு ஒரு தூக்கில் கேழ்வரகுக் களியும் நிலக்கடலைக் குழம்பும் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை. தூக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது கழுவிக் கொடு என்றாள்.

ஏப்ரல் 14

இல்லை. இது பொய்யில்லை.

ஏப்ரல் 24, ஞாயிறு

இல்லை. பதினோரு நாள்.

குடிக்காதபோது நாள் இவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடை மூடினால் அதற்குப் பிறகு எனக்கு உலகத்தில் ஒரு வேலையும் இல்லை, ஒரு ஆளும் இல்லை. டவுனுக்கு நடுவில் நிற்கும் பெரிய பாறை வரைக்கும் நடந்து போய்த் திரும்பினேன். வழியில் ஒரு ஆட்டிடம் பேசினேன்.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. ஜூன் பதினொன்றாம் தேதி நான் வாயைத் திறந்தால் எல்லாரும் என்ன சொல்வார்கள்? குடிகாரி உளறுகிறாள். பத்து வருஷமாக நான் குடித்தது எனக்குத் தூக்கம் கொடுத்தது. பெரியப்பாவுக்குக் காவல் கொடுத்தது. என் வாயை முதலில் அவர் கையால் பொத்தினார், பிறகு நானே பாக்கெட்டால் பொத்திக்கொண்டேன். இனி அவர் எழுந்துகூட வர வேண்டியதில்லை. என் வாய் நாறினால் போதும்.

அதனால்தான் குடிக்கக் கூடாது. என் உடம்புக்காக என்றால் இந்நேரம் மறுபடி குடித்திருப்பேன்.

மே 8, ஞாயிறு

குடித்தது: ஏழு.

இருபத்து நாலு நாள் போயிற்று. ஏனென்று எழுதுகிறேன்.

காலையில் அபோலோட் போன் செய்தாள். சடங்குக்கு யார் யார் என்ன செய்வது என்று அடுக்கிக்கொண்டே வந்தாள். எனக்குப் பிறகு பெரியப்பாவின் பானைக்கு நீதானே தண்ணீர் ஊற்றினாய் என்று நான் கேட்டேன். அவளும் அப்போது அந்த வீட்டில் வளர்ந்த பெண்தானே. பத்து வருஷம் கழித்து இப்போதுதான் கேட்கத் தைரியம் வந்தது.

அவள் சிரித்தாள். "எனக்கு அந்த வேலையே தெரியாது அக்கா. நீ ஹாஸ்டலுக்குப் போனதுல இருந்து தண்ணி ஊத்துறது அம்மாதான். பெரியப்பா வந்தா என்னை மாமி வீட்டுக்கு அனுப்பிடுவா. பானை கிட்ட என்னை விட்டதே இல்ல. அம்மா சோம்பேறியா வளத்துட்டாள்னு எல்லாரும் என்னைத் திட்டுவாங்க, மறந்துட்டியா?"

எனக்குத் தெரியவே தெரியாது.

அப்போ அம்மா நம்பியிருக்கா. அன்னிக்கே நம்பியிருக்கா. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் காதுல விழுந்திருக்கு. தங்கச்சியைக் காப்பாத்தத் தெரிஞ்சுது. எனக்கு ஒரு கோப்பை. எனக்கு வெறும் கோப்பை. ஏம்மா?

தங்கை தப்பித்தாளே என்று சந்தோஷமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள். கடைக்குப் போய் ஏழு வாங்கினேன்.

மே 11, புதன்

இல்லை.

நர்ஸ் நோட்டைக் கேட்கவில்லை, நானே நீட்டினேன். ஏப்ரல் இரண்டாம் தேதியைப் படித்தார். வெளியே வரிசை சத்தம் போட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி படித்தார். அறிவுரை ஏதும் சொல்லவில்லை. "ஏழு குடிச்ச, மூணாம் நாள் இங்க வந்து நிக்கிற. இருபத்து நாலு நாள் எங்கயும் போயிடல" என்றார். போலீசுக்குப் போக வேண்டுமென்றால் தானும் வருவதாகச் சொன்னார். முதலில் பதினொன்றாம் தேதி ஆகட்டும் என்றேன்.

மே 30

இல்லை. இன்று மெல்லிய சடை பின்ன விட்டாள். நூற்று எண்பது சடை. இமாகுலேட் மாடம் பின்னால் நின்று வகிடு வகிடாகப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை, அவள் விஷயத்தில் அது பாராட்டு.

ஜூன் 10, வெள்ளி

இல்லை. நாளைக்கு ஊருக்குப் போகிறேன். வேன் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே பாக்கெட் கடை. கடந்து போக வேண்டும். பயமாக இருக்கிறது. போகாமலேயே இருந்துவிட்டால் என்ன? யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஜூன் 12, ஞாயிறு

குடித்தது: இல்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

வீட்டுக்குள் பானை நடுவில் இருந்தது. பெரியப்பா நாற்காலியில், மற்ற ஆம்பளைகள் முக்காலிகளில், பெண்கள் தரையில். அவருக்குத் தலை நரைத்து, கண்ணில் படலம் விழுந்து, பார்க்க நல்ல கிழவராகத்தான் இருந்தார். அமோங்கின் வந்துட்டியா, இளைச்சுட்டியே என்று அன்பாகக் கேட்டார். பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன்.

அபோலோட் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். குழாய்கள் சத்தம் போட்டன. அம்மா கெட்டிலோடு வந்து ஊற்றினாள். அவர் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு வலது கை விரலைக் கலயத்தில் நனைத்தார். அம்மா அவருக்காகப் பானையிலிருந்து தனியாக மொண்டு வைத்திருந்த கலயம் அது. விரல் சொட்டியது.

நான் எழுந்து நடுவில் போய் நின்றேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

"அந்த விரல் வேண்டாம்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "பதினாலு வயசுல என் வாயைப் பொத்தின கை அது. இதே வீட்ல. நான் சுடுதண்ணி கொண்டு வந்தப்போ. அது இந்தப் பிள்ளை வாயில படக் கூடாது."

பெரியப்பா மெதுவாகச் சிரித்தார். கோபப்படவில்லை, வருத்தப்படுவது போல் தலையாட்டினார். "பாவம், காலையிலயே குடிச்சுட்டு வந்திருக்கா. யாராவது வெளிய கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்க."

இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். இதற்குத்தானே இத்தனை நாள் குடிக்காமல் இருந்தேன். நான் அவரிடம் பேசவில்லை. கெட்டிலோடு நின்ற அம்மாவிடம் போனேன். முகத்துக்கு நேராக வாயைத் திறந்தேன். "மோந்து பாரும்மா."

அம்மா நகரவில்லை. மூச்சு அவள் கன்னத்தில் படும் அளவுக்கு நின்றேன். கையில் கெட்டில் ஆடித் தண்ணீர் அவள் பாதத்தில் சிந்தியது, சுட்டிருக்கும், காலை இழுக்கவில்லை.

"குடிக்கல" என்றாள். பிறகு எல்லாரையும் பார்த்து, சத்தமாக. "இவ குடிக்கல. அன்னிக்கும் இவ சொன்னது நெசந்தான்."

கெட்டிலைக் கீழே வைத்தாள். பானைக்குப் போனாள். வலது கையால் அவருடைய குழாயைப் பிடித்து வெளியே இழுத்தாள். நீளக் குழாய், வந்துகொண்டே இருந்தது. முழுசாக வந்ததும் சொட்டச் சொட்ட வாசலுக்கு வெளியே மண்ணில் போட்டாள். அடுத்தவர் குழாயை ஒருத்தி தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பத்து வருஷம் அந்தப் பானைக்குத் தண்ணீர் ஊற்றிய கை.

அவர் எழுந்து கத்தினார். அவர் மகன்கள் கத்தினார்கள். குலக் கூட்டம் கூட்டுவோம் என்றார்கள். பாதிப் பேர் அவரோடு போய்விட்டார்கள். பாதிக்கு மேலேயே. மீந்தவர்கள் தங்கள் குழாயை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அபோலோட் அழுதுகொண்டே குழந்தையை என் பக்கம் நீட்டினாள். "நீயே வை அக்கா."

கலயத்தை அம்மா கழுவி, புதிதாக மொண்டு கொடுத்தாள். ஒரு மாதத்துக்கு மேல் நான் குடியைத் தொட்டதில்லை. விரலை நனைத்தேன். வாயில் வைத்து முதல் பெயர் சொன்னேன், அகிரோர். உடனே சப்ப ஆரம்பித்துவிட்டாள். பசித்த குழந்தை எந்தப் பெயருக்கும்தான் சப்பும். யாரோ சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அகிரோர் ஆனாள்.

திரும்பி வரும்போது வேனில் ஜன்னலோரம். வழி முழுக்க விரல் மணத்துக்கொண்டே வந்தது. இருபது கிலோமீட்டர் தூரம் என் விரலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நக்கவில்லை. அறைக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பிறகு யாரும் இல்லை. இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு வந்து யாரிடம் சொல்வது? அதே ஒரு ஜன்னல், ஒரு பாய். பக்கத்து முற்றத்தில் குழாய்கள் கரகரவென்றன. காதைப் பொத்தினேன். ஆனால் கேட்டது.

ஜூன் 15, புதன்

இல்லை. நர்ஸ் கூட வந்தார், போலீசில் எழுதிக் கொடுத்தோம். பத்து வருஷம் என்ன பண்ணினே என்று போலீஸ்காரர் கேட்டார். குடிச்சேன் என்றேன்.

ஜூன் 21

ஒன்று. காரணம் எதுவும் இல்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

ஜூன் 25

இல்லை. அபோலோட் போன். பெரியப்பா வகையறா யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லையாம். அம்மாவிடம் அஜோன் வாங்க ஆள் இல்லை. அம்மா பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டாளாம். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

ஜூலை 3, ஞாயிறு

அம்மா வந்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் நின்றாள், கையில் ஒரு துணிப்பை. இந்த அறைக்கு அவள் வந்ததே இல்லை. உட்கார நாற்காலி இல்லையே என்றேன். பாயில் உட்கார்ந்தாள். பாதத்தில் வெந்த இடம் கறுத்திருந்தது. பிறகு தலைத்துணியை அவிழ்த்துவிட்டு எனக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். "பின்னி விடு. எத்தனை பேருக்குப் பின்னுற."

முடி பாதி வெளுத்திருந்தது. வகிடு எடுத்தேன். கை நடுங்கவில்லை. நாலாவது சடை வரும்போது முதுகைக் காட்டியபடியே சொன்னாள்.

"எனக்கு அப்ப வேற என்ன குடுக்கணும்னு தெரியலடி."

மன்னித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை. ஆனால் பின்னுவதை நிறுத்தவில்லை. ஒரு சடையையும் இழுத்துக் கட்டவில்லை.

முடித்ததும் என் அடுப்பைப் பற்ற வைத்துத் தண்ணீர் சுட வைத்தாள். பையிலிருந்து தேயிலை எடுத்தாள், சர்க்கரை எடுத்தாள், துணியில் சுற்றிய கோப்பையை எடுத்தாள். நீல விளிம்பு போட்டது. ஒரு இடத்தில் எனாமல் உரிந்திருக்கிறது. ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள்.

குடித்தது: ஒரு கோப்பை தேநீர். சர்க்கரை அதிகம்.